பிறிதின் நோய்: தமிழ் நூல்களில் ஊனுணவும் உயிர்த்துன்பமும்

முதுகலை வகுப்பொன்றில் திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இவ்வதிகாரம் ஆட்டுக்கு இரங்கிப் பாடியதா, ஆட்டை உண்பாரைப் பழித்துப் பாடியதா?” என்று வினவினார். அவர் ஊனுண்ணும் குடும்பத்தில் பிறந்தவர். வினாவில் ஏளனம் இல்லை. ஒருவகை வருத்தமே இருந்தது. ‘இரண்டுந்தான்’ என்று கூறி அடுத்த குறளுக்குச் சென்றுவிட்டேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர்ப் பழந்தமிழ் நூல்களை இந்நோக்கொடு மீண்டும் பயின்றபோது, அம்மாணவர் பிரித்துக் கேட்ட இரண்டும் உண்மையில் இருவேறு அறங்கள் என்பது புலனாயிற்று. ஒன்று, கொல்லப்படும் உயிரின் நோவை நோக்குவது. மற்றொன்று, உண்பவனின் தூய்மையை நோக்குவது. முன்னதில் விலங்கே பொருள். பின்னதில் மனிதனே பொருள். இவ்விரண்டும் தமிழ் மரபில் எவ்வாறு தோன்றின, எவ்விடத்தில் கலந்தன, கலந்தமையால் விளைந்தது யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. சங்கச் சான்றோர் நிலை

சங்க இலக்கியத்தில் ஊனுணவு நாணத்தக்கதாக எங்கும் கூறப்படவில்லை. தம்மை அந்தணன் என்று கூறிக்கொள்ளும் கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய புறப்பாட்டில் (புறம். 14), தம் கை மென்மையாக இருத்தற்குக் காரணம் ஊனும் சோறும் உண்டு வருந்துவதன்றி வேறு தொழில் அறியாமையே என்கிறார். பொருநராற்றுப்படையில் வரும் பொருநன், கரிகாலனது அரண்மனையில் இரவும் பகலும் ஊன் தின்று தன் பற்கள், கொல்லை நிலத்தை உழுத கொழுப்போல மழுங்கின என்று நகையும் நன்றியும் தோன்றக் கூறுகிறான். பெரும்பாணாற்றுப்படையோ வழிநெடுக ஒவ்வொரு குடியினரும் தத்தமக்குரிய உணவைப் பாணனுக்கு அளிக்கக் காட்டுகிறது. எயினர் இல்லத்தில் உடும்பின் ஊனும், வலைஞர் இல்லத்தில் சுட்ட மீனும், மறையவர் இல்லத்தில் மரக்கறி உணவும் கிடைக்கின்றன. உணவு வேறுபாடு ஆண்டுத் திணைவேறுபாடாகவும் குடிவேறுபாடாகவும் காட்டப்படுகிறதேயன்றி உயர்வு தாழ்வாகக் காட்டப்படவில்லை.

சங்கப் புலவர் விலங்கின் துன்பத்தை அறியாதவர் என்று இதனால் கருதிவிடலாகாது. குறுந்தொகை 69ஆம் பாட்டில் கடுவன் இறந்துபட்டதாக, கைம்மை பொறாத மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையினின்றும் பாய்ந்து உயிர் துறக்கிறது. கலித்தொகையின் பாலைப் பாட்டொன்றில் (கலி. 11) களிறு தன் பிடிக்கு முதலில் நீரூட்டிப் பின்னரே தான் உண்கிறது, கலைமான் நிழலற்ற காட்டில் தன் உடல்நிழலைப் பிணைக்குத் தருகிறது. பேகன் மயிலுக்குக் குளிரும் என்று எண்ணிப் போர்வை அளித்தான். பிரிவும் துயரும் அன்பும் விலங்குக்கும் உண்டு என்பதில் அச்சான்றோர்க்கு ஐயமே இருந்ததில்லை.

எனினும் அவ்வறிவு உணவைத் தடுக்கவில்லை. மந்தியின் துயரம், இரவில் வரும் தலைவனுக்குத் தோழி தன் அச்சத்தை உணர்த்துதற்குக் கருவியாகிறது. இறைச்சி என்னும் சொல்லே அகத்திணையில் கருப்பொருளின்வழித் தோன்றும் குறிப்புப் பொருளையும், உலக வழக்கில் ஊனையும் குறித்து நிற்றல் கருதத்தக்கது. விலங்கு மனிதனுக்குப் பொருள் தருகிறது, உணவும் தருகிறது. அது தன்பொருட்டு மனிதனிடம் ஒன்றைக் கேட்க உரிமையுடையது என்னும் எண்ணம் ஈண்டு இன்னும் பிறக்கவில்லை. விலங்கு துன்புறும் என்று அறிதல் வேறு. அத்துன்பம் என்னைக் கட்டுப்படுத்தும் என்று ஏற்றல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியே இப்பொருளின் வரலாறு ஆகும்.

2. அறிவு வரிசையில் நோவின் இடம்

விலங்கு மனிதனைப் போலத் துன்புறுமா என்னும் வினாவை ஆராய்வார் தொல்காப்பிய மரபியலைத் தவிர்த்தல் இயலாது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கும் பகுதி ஆண்டுள்ளது. புல்லும் மரமும் தொட்டுணரும் ஓரறிவின. நந்து முதலியன சுவையும் உணரும் ஈரறிவின. சிதலும் எறும்பும் மணமும் அறியும் மூவறிவின. நண்டும் தும்பியும் காணவும் வல்ல நாலறிவின. விலங்கு கேட்கவும் வல்ல ஐயறிவினது. மனத்தொடு கூடிய ஆறறிவுடையார் மக்கள்.

இவ்வரிசை அறநூற் பகுதியன்று. பெயரும் மரபும் கூறும் இயலில் அமைந்த பாகுபாடு. ஆகவே விலங்கைக் கொல்லலாமா ஆகாதா என்பது பற்றி ஆசிரியர் ஈண்டு ஒன்றும் கூறினாரல்லர். ஆயினும் பாகுபாட்டின் அமைப்பிலேயே நம் வினாவிற்குரிய குறிப்பு உள்ளது. நோவு எவ்வறிவின்பாற் பட்டது? அடியும் புண்ணும் சூடும் உடம்பில் உறுதலால் அறியப்படுவன. எனவே நோவு முதலாவதாகிய உற்றறிவின்பாற் பட்டது. வரிசையின் உச்சியில் உள்ள மனத்தில் அது தொடங்குவதில்லை. ஆறாவது அறிவு இல்லாமையால் விலங்குக்கு நோவு இல்லை என்று இவ்வரிசையைக்கொண்டு ஒருவரும் வாதிட இயலாது. மேலும், விலங்கினுள் ஒருசாரனவும் ஆறறிவுடையன என்னும் கருத்துடைய நூற்பாவும் மரபியலில் காணப்படுகிறது.

சமண நூல்களிலும் உயிர்களைப் புலன் எண்ணிக்கையால் வகுக்கும் முறை உண்டு. தத்துவார்த்த சூத்திரம் நிலம், நீர், தீ, காற்று, மரஞ்செடி ஆகியவற்றை ஒருபுலன் உயிர்களாகக் கொண்டு தொடங்குகிறது. ஐம்புலன் உயிர்களுள் மனமுடையன, மனமற்றன என்ற பிரிவும் ஆண்டு உண்டு; மனமுடையனவற்றுள் விலங்குகளும் அடங்கும். தொல்காப்பியர் சமணரா என்னும் நெடிய வழக்கினுள் நாம் புகவேண்டுவதில்லை. சமணர் கையில் இப்பாகுபாடு அறத்தின் அளவுகோலாயிற்று என்பதே நமக்கு வேண்டுவது. புலன் மிகுந்தோறும் ஊறு செய்தலின் தீமையும் மிகும். உண்ணாது உயிர்வாழ்தல் இயலாமையால் புலன் மிகக் குறைந்தவற்றை உண்டு வாழ்க என்பது அவர்தம் இல்லறத்தார்க்கு வகுத்த நெறி.

3. தேரரும் அடிகளும்

கி. மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த முதற் பாறைக் கல்வெட்டு, அரண்மனை அடுக்களையில் முன்னர் நாள்தோறும் நூறாயிரக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்பொழுது இரு மயிலும் ஒரு மானுமாக மூன்றே கொல்லப்படுகின்றன என்றும், இனி அவையும் கொல்லப்படா என்றும் அறிவிக்கிறது. இரண்டாம் பாறைக் கல்வெட்டு மக்களுக்கும் விலங்குகளுக்கும் என இருவகை மருத்துவம் ஏற்படுத்தப்பட்டதைக் கூறுமிடத்துச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளையும் தாமிரபரணியையும் பெயர் சுட்டுகிறது. விலங்கின் நோய் அரசின் கடமைகளுள் ஒன்று என்னும் செய்தி தமிழ்நாட்டைக் குறித்து எழுதப்பட்ட காலம் இவ்வளவு தொன்மையானது.

புத்தர் துறவியர்க்கு வகுத்த நெறி சமணர் நெறியினின்றும் வேறுபட்டது. தமக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் கிடைத்த ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்பது தேரவாத மரபு. கொலையே தீவினை; உணவு தன்னளவில் தீவினையன்று என்பது இதன் உட்கிடை. மணிமேகலையில் இக்கொள்கை ஒரு நிகழ்ச்சியாகவே வருகிறது. கலம் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன், அவர்தம் தலைவன் அளித்த கள்ளையும் ஊனையும் மறுக்கிறான். இவையின்றி வாழ்வில் பயன் யாது என்று தலைவன் கேட்க, அறம் உரைத்து, இறுதியில் நாகர் மேற்கொள்ளத்தக்க நெறி ஒன்றை வகுக்கிறான். மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளை ஒழித்து, வேறு எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாது விடுக என்பது அந்நெறி. தானே இறந்த விலங்கின் ஊன் ஈண்டு விலக்கப்படவில்லை. உயிர் நோவாமையே குறிக்கோள் என்றால் இது நேரிய முடிபு. தூய்மையே குறிக்கோள் என்றால் செத்த விலங்கின் ஊன்தான் முதலில் விலக்கத்தக்கது. சாதுவன் எந்த அறத்தின் பக்கம் நின்றான் என்பதை இவ்வொரு சலுகையே காட்டிவிடுகிறது. இதனைப் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் சமண நெறியின் மறுகோடியைக் காட்டுகிறார். புகாரினின்றும் மதுரைக்குப் புறப்படும்போது வழியின் இடர்களை அவர் கோவலனுக்கு எடுத்துரைக்கும் பகுதி நாடுகாண் காதையில் உள்ளது. நீரடைகரையில் நடக்கும்போது நண்டும் நந்தும் நம் அடிக்கீழ்ப்பட்டு அடையும் நோயைக் காண நேரின் அத்துன்பம் தாங்கவொண்ணாது என்கிறார். இவ்விடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஈண்டு உணவுக்கு இடமில்லை, கொல்லும் எண்ணமும் இல்லை, தீட்டும் இல்லை. நண்டுக்கும் நத்தைக்கும் நோய் உண்டு, அது காண்பாரைச் சுடும் என்பது மட்டுமே பேசப்படுகிறது. மரபியலில் நாலறிவும் ஈரறிவும் பெற்ற அவ்விரண்டும் கவுந்தியின் வாக்கில் ஒரே இரக்கத்திற்குரியனவாகின்றன.

4. வள்ளுவர் வாய்மொழி

திருக்குறளில் புலான்மறுத்தல் துறவறவியலில் அமைந்துள்ளது. இதுகொண்டு, இவ்வறம் துறவியர்க்கே உரியது, இல்லறத்தார்க்கு அன்று என்பார் உளர். வைப்புமுறையை நோக்கின் அவர் கூற்றுப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் 256ஆம் குறள் இதற்கு இடங்கொடுப்பதில்லை. உலகம் தின்னும்பொருட்டுக் கொல்லாதாயின், விலைக்கு ஊன் தருவார் எவரும் இரார் என்பது அதன் கருத்து. ‘கொல்லாது’ என்பதற்குக் ‘கொள்ளாது’ என்றும் பாடம் உண்டு. அப்பாடத்தின்படி, உலகம் வாங்காதாயின் விற்பார் இல்லை என்று பொருள் இன்னும் தெளிவாகிறது. எப்பாடத்தைக் கொள்ளினும், விலை கொடுத்து வாங்கும் உலகத்தாரை நோக்கியதே இவ்வாதம். பிச்சை ஏற்கும் துறவிக்கு விலை ஏது? அங்காடி ஏது?

இக்குறளுக்குப் பரிமேலழகர் கண்ட நயம் தமிழ் உரைமரபின் சிறந்த அளவைப் பகுதிகளுள் ஒன்று. கொலை முன்னே நிகழ்வது. தின்னுதல் பின்னே நிகழ்வது. பின் நிகழ்வது முன் நிகழ்வதற்குக் காரணமாகாது. ஆகவே தின்பவனுக்குக் கொலைப்பழி இல்லை என வாதிப்பவன் ஒருவனை அவர் எதிரே நிறுத்துகிறார். அவனுக்கு விடையாக, அருத்தாபத்தி அளவையால் தின்பார் கொலைக்குக் காரணமாதலை வள்ளுவர் நிறுவினார் என்கிறார். தனி ஆட்டின் கொலைக்குத் தனி ஒருவனின் உணவு காரணமாகாதிருக்கலாம். ஆயினும் தின்பார் கூட்டம் இன்றேல் விற்பார் கூட்டம் இல்லை. காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் பெற்ற ஊன் பழியற்றது என்னும் கொள்கைக்கு இதனினும் சுருங்கிய மறுப்பு இல்லை.

அடுத்த குறளாகிய 257இல்தான் இருவேறு அறங்களும் பிரியும் இடம் உள்ளது. புலால் என்பது பிறிது ஓர் உடம்பின் புண் என்று அறிவார் அதனை உண்ணார் என்பது அதன் கருத்து. புண் என்னும் சொல்லை இருவகையாகக் கொள்ளலாம். புண் அருவருக்கத்தக்கது எனக் கொண்டால் குறள் தூய்மை பற்றியதாகும். புண் நோவது எனக் கொண்டால் குறள் துன்பம் பற்றியதாகும். பரிமேலழகர் உரை புலால் உண்டலின் இழிவை நோக்கிச் செல்கிறது. அவ்வுரை தவறென்று கூறுதல் எம் கருத்தன்று. சொல் அதற்கும் இடந்தருகிறது. ஆயினும் வள்ளுவர் வெறுமனே புண் என்னாது, அது பிறிதொன்றன் புண் என்று உடையவனைச் சுட்டிக் கூறினார். அருவருப்பே கருத்தாயின் புண் யாருடையது என்பது வேண்டப்படுவதில்லை. புண்ணுக்கு உடையவன் உண்டென்றால் நோவுக்கும் உடையவன் உண்டு.

இக்கருத்தை இன்னா செய்யாமை அதிகாரத்து 315ஆம் குறள் வலியுறுத்துகிறது. பிறிதின் நோயைத் தன் நோய்போலக் கொண்டு காவாதவிடத்து, பெற்ற அறிவினால் ஆவது யாது என்பது அதன் வினா. பிறர் என்று உயர்திணையாற் கூறாது, பிறிது என்று அஃறிணை வாய்பாட்டால் கூறியமை காண்க. இவ்வதிகாரத்திலேயே பிற குறள்களில் பிறர் என்னும் சொல் பயின்று வருதலின், சொல் கிடையாமையால் ஆசிரியர் இங்ஙனம் கூறினார் எனல் பொருந்தாது. உயிர்ப்பொது அனைத்தையும் அடக்கும்பொருட்டே பிறிது என்றார்.

இனி, அறிவினால் ஆவது யாது என்னும் வினாவைச் சிந்திப்போம். மனிதனை விலங்கினின்றும் பிரிப்பது அறிவு என்பது தமிழ் மரபு. அறிவின் மேன்மையால் மனிதனுக்கு விலங்கின்மேல் உரிமை பிறக்கிறது என்பதே உலகில் பெரும்பாலும் வழங்கும் வாதம். வள்ளுவர் அதனை மறுதலையாக்குகிறார். அறிவின் பயனே பிறிதின் நோயை அறிதல். புலியால் மானின் நோவை எண்ண இயலாது; ஆதலின் புலியின்மேல் பழியில்லை. எண்ண இயலும் உயிர் எண்ணாதொழியின், அதற்கு அவ்வறிவு இருந்தும் பயனில்லை. வள்ளுவர் மரபியலின் ஆறறிவுப் பாகுபாட்டை நினைந்தே இதனைப் பாடினார் எனத் துணிதற்குச் சான்றில்லை. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின், நோவு முதலறிவில் தொடங்குகிறது, அந்நோவிற்குப் பொறுப்பு ஆறாம் அறிவில் தொடங்குகிறது என்னும் முடிபு தானே பெறப்படுகிறது. ஆறாம் அறிவு உரிமைப் பத்திரமன்று, கடன் பத்திரம்.

5. நீலகேசியின் வழக்கு

வள்ளுவர் இரண்டடியில் கூறியதை நெடிய சொற்போராக நடத்திக் காட்டுவது நீலகேசி. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் இச்சமண நூல், சமய திவாகர வாமன முனிவர் உரையுடன் அ. சக்கரவர்த்தி நயினாரால் 1936இல் பதிப்பிக்கப்பட்டது. நூலின் தோற்றுவாயே உயிர்ப்பலி பற்றியது. காளி கோயிலுக்குப் பலியிட விலங்கு கொண்டுவந்தாரைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர், உயிருள்ள விலங்குக்கு மாறாக மண்ணால் செய்த உருவத்தைப் படைக்குமாறு கூறுகிறார். பலி இழந்த காளியின்பொருட்டு அவரை அச்சுறுத்த வந்த பழையனூர் நீலி, அவரிடம் அறங்கேட்டு மனம் மாறி, நீலகேசியாகப் பல சமயத்தாரொடும் வாதிடச் செல்கிறாள். பலியை உண்ட தெய்வமே கொல்லாமையின் வழக்கறிஞராகிறது.

பௌத்தரொடு அவள் நிகழ்த்தும் வாதங்களில் ஊனுணவு பெரும்பங்கு பெறுகிறது. கொல்லும் எண்ணமின்றி உண்பவனுக்குப் பழியில்லை என்பது எதிர்த்தரப்பின் நிலை. உண்பான் இருத்தலாலேயே கொல்வான் உளனாகிறான் என்பது நீலகேசியின் விடை. அவ்வாறாயின் சமண முனிவர் கையில் ஏந்தும் மயிற்பீலி எவ்வாறு வந்தது என்ற எதிர்வினாவும் எழுகிறது. பீலி மயில் தானே உதிர்ப்பது. ஊன் எவ்வுயிரும் தானே உதிர்ப்பதன்று என்னும் வேறுபாட்டால் அவள் அதனை விலக்குகிறாள். எதிர்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. விலை கொடுத்து வாங்கும் பொருளெல்லாம் எவ்வுயிரின் துன்பத்தொடு தொடர்புடையது என்று வினவத் தொடங்கின், அவ்வினா எங்கே நிற்கும்? இருதரப்பினரும் நோவு உண்டா என்று வாதிடவில்லை என்பதே நாம் ஈண்டுக் கொள்ளத்தக்கது. விலங்கு துன்புறும் என்பது இருவர்க்கும் உடன்பாடு. அத்துன்பத்திற்கு யார் பொறுப்பு என்பதே வழக்கு.

6. நோவினின்றும் தூய்மைக்கு

திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் கொல்லாமையும் புலால் மறுத்தலும் தனித்தனிப் பகுதிகளாக அமைந்தன. சைவம் இவ்வறத்தைத் தனதாக்கிக்கொண்டது. காலப்போக்கில் சைவம் என்னும் சமயப் பெயரே மரக்கறி உணவின் பெயராயிற்று. ஊனுணவு அசைவம் எனப்பட்டது. ஓர் உணவின் பெயர் உண்ணப்படும் பொருளைக் குறியாது உண்பவரின் சமயத்தைக் குறிக்கத் தொடங்கியமை சிறிய மாற்றமன்று. விலங்கைப் பற்றிய அறம் மனிதனைப் பற்றிய அடையாளமாக மாறியதற்கு இச்சொல் வழக்கே சான்று.

தூய்மையும் நோவும் வேறுவேறு என்பதைப் பெரியபுராணத்துக் கண்ணப்பர் வரலாறு நன்கு காட்டும். வேடராகிய கண்ணப்பர் காட்டுப்பன்றியின் ஊனைச் சுட்டுச் சுவைத்துப் பார்த்து இறைவனுக்குப் படைக்கிறார். முறைப்படி பூசிக்கும் சிவகோசரியார் அதனைக் கண்டு பதறி, இடத்தைத் தூய்மை செய்கிறார். அன்பு தூய்மையினும் பெரிது என்பதைச் சேக்கிழார் நிலைநாட்டுகிறார். தமிழின் ஒப்பற்ற பகுதிகளுள் அது ஒன்று. ஆயினும் அவ்விருவருள் ஒருவரேனும் பன்றியின் நோவை எண்ணினாரல்லர். சிவகோசரியாரின் பதற்றம் தீட்டுப் பற்றியது. கவுந்தியின் பதற்றம் நண்டு பற்றியது. இரண்டையும் ஊன்மறுப்பு என்னும் ஒரே பெயரால் வழங்குதல் ஆராய்ச்சிக்குத் துணைசெய்யாது.

தூய்மை அறம் ஓங்கியதன் விளைவு மக்கட்பிரிவிலும் தோன்றியது. உண்ணும் உணவுகொண்டு குடிகளை ஏற்றியும் இறக்கியும் வைக்கும் வழக்கம் வேரூன்றியது. அவருள்ளும் செத்த மாட்டின் ஊனை உண்டவர் கடைநிலையில் வைக்கப்பட்டனர். தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்து 1948இல் அம்பேத்கர் வெளியிட்ட நூல் இவ்வுணவு வழக்கத்தையே ஒரு முதற்காரணமாகக் கொண்டு வாதிடுகிறது. இப்பொழுது சாதுவனை மீண்டும் நினைக்க. தானே இறந்த விலங்கின் ஊனை அவன் விலக்கவில்லை. உயிர்க்கு ஊறு செய்யாத உணவாதலின். நோவு அறம் ஒருவாறு இடங்கொடுத்த உணவைத் தூய்மை அறம் யாவற்றினும் இழிந்ததாக்கி, அதனை உண்டாரையும் இழிந்தவராக்கியது. ஒரே அறத்தின் இரு நிலைகள் என்று கருதப்படுவன ஒன்றுக்கொன்று நேர்மாறாகும் இடம் இது. என் மாணவரின் வருத்தத்திற்கு வேர் இங்கேயே உள்ளது.

19ஆம் நூற்றாண்டில் இவ்வறத்தை மீண்டும் உயிரின்பால் திருப்பியவர் இராமலிங்க வள்ளலார் (1823–1874). 1867இல் வடலூரில் அவர் நிறுவிய சத்திய தருமசாலையின் வாயில் குல வேறுபாடின்றிப் பசித்தார் அனைவர்க்கும் திறந்திருந்தது. சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடைப் பகுதியில், மரமும் நெல்லும் உயிருள்ளனவாயின் மரக்கறி உண்பதும் கொலையன்றோ என்ற தடையை அவரே எழுப்பி விடை கூறுகிறார். ஓரறிவுயிர்களில் உயிர் விளக்கம் ஒருசாரே உளது. அவற்றிற்கு மனம் முதலிய கருவிகள் இல்லை. நாம் கொள்வன வித்தும் காயும் கனியும் போல்வன. அவற்றைக் கொள்ளுதல் நகத்தையும் மயிரையும் களைதல் போன்றது என்பன அவர்தம் விடையின் கூறுகள். மரபியலில் பெயர் வகுக்கத் தோன்றிய அறிவு வரிசை, வள்ளலாரிடம் இரக்கத்தின் அளவையாகிறது.

7. மேனாட்டாரும் இக்கால ஆய்வும்

ஐரோப்பாவில் இவ்வழக்கு வேறுவழிச் சென்றது. 1637இல் வெளியான தம் நூலில் டெக்கார்ட், மொழியும் பகுத்தறிவும் இல்லாமை காட்டி விலங்கைப் பொறியோடு ஒப்பிட்டார். 1789இல் பெந்தாம், விலங்கு சிந்திக்குமா பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே வினா என்று அதனைத் திருப்பினார். இதனைக் கண்டு, வள்ளுவர் பெந்தாமுக்கு முன்னரே கூறிவிட்டார் என்று பெருமைகொள்வது எளிது. ஆனால் அது பொருந்தாது. அறிவின்மை விலங்கின் துன்பத்தைக் குறைப்பதில்லை என்பது பெந்தாமின் கருத்து. அறிவுடைமை மனிதனின் கடமையைக் கூட்டுகிறது என்பது வள்ளுவர் கருத்து. முன்னது தடையை நீக்குகிறது. பின்னது சுமையை ஏற்றுகிறது.

தமிழ் மரபு ஐயமின்றி ஏற்ற விலங்கின் நோவை அறிவியல் இன்று ஆய்வுவழி அணுகுகிறது. 2003இல் லின் சினெடன் முதலியோர் டிரவுட் என்னும் மீனின் தலைப்பகுதியில் ஊறு அறியும் நரம்புமுனைகள் இருத்தலை வெளியிட்டனர். 2012இல் கேம்பிரிட்சில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வுநிலைக்குரிய நரம்பமைப்பு மனிதனுக்கு மட்டும் உரியதன்று என அறிக்கை விடுத்தனர். மின்னதிர்ச்சி தந்த மறைவிடத்தை நண்டுகள் விலக்கக் கற்பதைப் பெல்பாசுட்டு ஆய்வாளர் 2013இல் வெளியிட்டனர். பிரித்தானியாவில் 2022இல் இயற்றப்பட்ட விலங்குணர்வுச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றோடு நண்டு இனத்தையும் கணவாய் இனத்தையும் உணர்வுடையனவாக ஏற்றது. நத்தை அதனுள் இடம்பெறவில்லை. கவுந்தி ஒருங்கே இரங்கிய இரண்டனுள் ஒன்று சட்டத்தினுள் வந்துவிட்டது. மற்றொன்று வாயிலில் நிற்கிறது.

இந்திய நாட்டில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டம் தேவையற்ற நோவு விளைத்தலைக் குற்றமாக்கியது. சமயம் வேண்டும் முறையில் கொல்லுதலை அச்சட்டத்தின் 28ஆம் பிரிவு விலக்கி வைத்தது. தமிழ்நாட்டில் கோயில்களில் உயிர்ப்பலியிடலைத் தடுத்து 1950இல் இயற்றப்பட்ட சட்டம், 2003இல் முனைந்து செயற்படுத்தப்பட்டபோது சிற்றூர்த் தெய்வங்களை வழிபடுவோரிடையே எதிர்ப்பு எழ, 2004இல் நீக்கப்பட்டது. அங்காடியில் நாள்தோறும் நிகழும் கொலை இருக்க, ஆண்டுக்கொருமுறை கோயிலில் நிகழும் கொலை மட்டும் தடுக்கப்படுவது எதன்பொருட்டு என்னும் வினா அப்போது எழுந்தது. நோவின்பொருட்டாயின் இரண்டும் ஒன்றே. ஒன்றை மட்டும் தடுப்பது வேறொன்றின்பொருட்டு என்று அம்மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. முனிச்சந்திரர் ஆணையிடவில்லை, மண்ணுருவைக் காட்டி வழி சொன்னார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

விலங்கு மனிதனைப் போலவே துன்புறுமா? ‘போலவே’ என்பதில்தான் இடர்ப்பாடு. நாளை வரும் சாவை இன்று எண்ணி வருந்தும் துன்பம் மனிதனுக்கு மிகுதி. ஆனால் இந்நோவு நாளை தீரும் என்று எண்ணி ஆறுதல் பெறும் வழியும் மனிதனுக்கே உண்டு. காலைக் கட்டிக் கிடத்திய ஆட்டுக்கு அவ்வாறுதல் கிடைக்கும் என்று கூற நம்மிடம் சான்றில்லை. ஆறாம் அறிவின் குறை சில துன்பங்களைக் குறைக்கலாம். சிலவற்றை முழுமையாக்கவும் கூடும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: விலங்கின் துன்பத்தைச் சங்கச் சான்றோர் அறிந்திருந்தனர்; அது மனிதனைக் கட்டுப்படுத்தும் என்னும் எண்ணம் சமண பௌத்த நெறிகளோடு தமிழில் உருப்பெற்றது; வள்ளுவர் அதனை அறிவின் பயன் பற்றிய வினாவாக்கினார்; பிற்காலத்தில் தூய்மை பற்றிய எண்ணம் அதன்மேற் படர்ந்து, விலங்கின்பால் செல்லவேண்டிய பார்வையை உண்பாரின்பால் திருப்பியது. தூய்மை அறம் ‘நான் உயர்ந்தவன்’ என்னும் முடிவில் சென்று அமைதி பெறுகிறது. நோவு அறத்திற்கு அவ்வமைதி இல்லை. மரக்கறி உண்பவனையும் அவன் பருகும் பாலையும் அணியும் பட்டையும் நோக்கி அது வினவிக்கொண்டே இருக்கும்.

அம்மாணவர் இன்று அதே வினாவைக் கேட்பாராயின் இவ்வாறு விடையிறுப்பேன். இவ்வதிகாரத்தில் உண்பாரைக் கடியும் சொற்கள் உள்ளன. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் அவை ஒரு குலத்தை நோக்கியன அல்ல. அறிவுடைய அனைவரையும் நோக்கியன. ஊனுண்ணும் வீட்டில் பிறந்து பிறிதின் நோயை எண்ணி வருந்துபவன் இவ்வதிகாரத்தின் வாயிலினுள் வந்துவிட்டான். ஊனைக் கையாலும் தொடாது, உண்பவனை இழிந்தவன் என்று ஒதுக்குபவன் இன்னும் வெளியே நிற்கிறான்.